மின் இணைப்புப் பிணக்குகளும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் பொறுப்பும்

மின்கட்டணம் கூடும்போதும் குறையும்போதும் மட்டுமே எமது மக்களின் பேச்சில் அடிபடும் நிறுவனமாக இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு இருந்து வருகின்றது. 2025 ஜனவரியில் கட்டணத்தைச் சராசரியாக 20 வீதத்தால் குறைத்ததும், அதே ஆண்டு ஜூனில் 15 வீத அதிகரிப்புக்கு இணங்கியதும், ஒக்டோபரில் மின்சார சபை கோரிய 6.8 வீத அதிகரிப்பை நிராகரித்ததும் இவ்வாணைக்குழுவே. கட்டணத்தைத் தீர்மானிப்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகின்றது என்று எண்ணுவோர் பலர். உண்மையில், மின் இணைப்புக் கோரும் ஒரு குடிமகனுக்கும் மின்சாரம் வழங்கும் நிறுவனத்திற்கும் இடையே பிணக்கு மூளும்போது அதனைக் கேட்டு ஆராய்ந்து தீர்த்துவைக்கும் பொறுப்பும் சட்டப்படி அதனிடமே உள்ளது.

இந்தப் பொறுப்பைப் பற்றி அம்பாறைக் கரையோரத்து மக்கள் விரிவாக அறிந்திருக்க வேண்டும் என நாம் கருதுகின்றோம். பெரியநீலாவணை தொடக்கம் பொத்துவில் வரை நீளும் இக்கரையோரத்தில் மின்கம்பம் வராத ஊர் என்று இன்று எதுவும் இல்லை. ஆயினும் ஊருக்கு மின்சாரம் வருவது ஒன்று. குறிப்பிட்ட ஒரு வீட்டுக்கோ ஆலைக்கோ கூரைமேல் சூரியத் தகடுக்கோ இணைப்புக் கிடைப்பது இன்னொன்று. பிணக்குகள் எழுவது இந்த இரண்டாவது கட்டத்திலேதான்.

பிணக்குகள் எழும் இடங்கள்

முதலாவது, கம்பி செல்லும் வழி. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது போன்ற ஊர்களில் வீடுகள் எவ்வளவு நெருக்கமாக உள்ளன என்பதை நாம் விளக்கத் தேவையில்லை. மகளுக்குத் திருமணம் பேசும்போது வீடும் பேசப்படுவது கிழக்கிலே தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான வழமையாகும். தாயின் வளவைப் பிரித்து மூத்த மகளுக்கு ஒரு வீடு, இளைய மகளுக்குப் பின்புறத்தில் இன்னொரு வீடு எனக் கட்டப்படுகின்றது. ஒழுங்கையிலிருந்து பின்வீட்டுக்குக் கம்பி இழுப்பதாயின் அது அயலவரின் மதிலுக்கு மேலாகவோ தென்னைக்கு அருகாகவோ செல்லவேண்டியிருக்கும். அயலவர் மறுத்தால் இணைப்பு நின்றுவிடுகின்றது. இவ்வாறான மறுப்புக்குப் பின்னால் சில வேளைகளில் நியாயமான பாதுகாப்பு அச்சமும், சில வேளைகளில் பழைய எல்லைத் தகராறும் இருக்கும்.

இரண்டாவது, ஆவணம். உறுதிக் காணி, அனுமதிப்பத்திரக் காணி, எந்தப் பத்திரமும் இன்றித் தலைமுறையாகக் குடியிருக்கும் காணி என எமது பிரதேசத்தில் காணிகள் பலவகைப்பட்டவை. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் கொண்டுபோனவற்றில் வீடுகள் மட்டுமன்றிப் பெட்டகங்களில் இருந்த உறுதிகளும் அடங்கும். அதன் பின்னர் வடக்கு, கிழக்குக் கரையோரங்களில் 200 மீற்றர் தூரத்துக்குள் மீளக் கட்டுவதற்கு அரசாங்கம் விதித்த தடையும், பின்னர் அது தளர்த்தப்பட்டதும், மீள்குடியேற்றங்களும் சேர்ந்து யார் எங்கே எந்த உரிமையில் இருக்கின்றார் என்ற கேள்வியை மேலும் சிக்கலாக்கிவிட்டன. அந்தச் சிக்கல் மின் இணைப்பு விண்ணப்பத்திலும் வந்து நிற்கின்றது.

மூன்றாவது, செலவு. பிரதான கம்பியிலிருந்து வீடு தள்ளியிருந்தால் புதிய கம்பங்கள் நாட்டவேண்டும். அதற்கான மதிப்பீட்டுத் தொகையை முதலில் விண்ணப்பிப்பவரே செலுத்துகின்றார். அவர் கடன்பட்டு நாட்டிய கம்பத்திலிருந்து பிறகு வருவோர் குறைந்த செலவில் இணைப்புப் பெறும்போது மனத்தாங்கல் ஏற்படுவது இயல்பே.

நான்காவது, கொள்ளளவு. அரிசி ஆலை, ஐஸ் ஆலை, மருதமுனையின் விசைத்தறி ஆகியவற்றுக்கு வீட்டு இணைப்புப் போதாது; மும்முனை மின்சாரம் வேண்டும். அப்பகுதியின் மின்மாற்றியில் இடமில்லை என்று கூறப்பட்டால், புதிய மின்மாற்றிக்கான செலவை யார் ஏற்பது என்ற கேள்வி எழுகின்றது. ஒரு வள்ளம் கொண்டுவரும் மீனைக் காப்பதற்கு ஐஸ் வேண்டும், ஐஸுக்கு மின்சாரம் வேண்டும். இணைப்பு ஆறு மாதம் தாமதித்தால் ஒரு பருவமே கைவிட்டுப் போகின்றது.

ஐந்தாவது, அண்மைக் காலத்தில் வளர்ந்திருப்பது, கூரைமேல் சூரிய மின்சாரம் சார்ந்த பிணக்கு. இதனைத் தனியாகக் கீழே நோக்குவோம்.

சட்டம் வந்த வழி

மின்சார சபை 1969 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டத்தினால் உருவானது. மின்சாரத்தை உற்பத்தி செய்வதும், கடத்துவதும், மேல், தென் மாகாணங்களின் சில நகரங்கள் நீங்கலாக நாடெங்கும் விநியோகிப்பதும் அதுவாகவே இருந்தது. அதற்கு எதிரான முறைப்பாட்டையும் அதனிடமே கொடுக்கவேண்டியிருந்தது. வழக்காளியும் நீதவானும் ஒருவரே என்ற இந்த நிலையை மாற்றுவதற்காக, 2002 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் ஐந்து உறுப்பினர்களைக் கொண்ட பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. ஆனால் அதே ஆண்டில் நிறைவேற்றப்பட்ட 28 ஆம் இலக்க மின்சார மறுசீரமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே, கையில் கோல் இருந்தும் அளப்பதற்குப் பண்டம் இல்லாத நிலையில் ஆணைக்குழு பல ஆண்டுகள் இருந்தது. 2009 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்க இலங்கை மின்சாரச் சட்டமே அதற்கு உண்மையான அதிகாரத்தை வழங்கியது.

அச்சட்டம் மின்சார சபையை அனுமதிப்பத்திரம் பெற்று இயங்கும் நிறுவனமாக மாற்றியது. அனுமதிப்பத்திரத்தில் நிபந்தனைகள் உள்ளன. மின்சாரம் வழங்குவது விநியோக நிறுவனத்தின் விருப்பத்தைப் பொறுத்த சலுகை அன்று, கோரிக்கை வந்தால் நிறைவேற்றவேண்டிய கடமை என்பது அதன் அடிப்படை. கோருபவர் காணியின் உரிமையாளராக மட்டுமன்றிக் குடியிருப்பாளராகவும் இருக்கலாம் என்பது எமது பிரதேசத்து மக்கள் கவனிக்கவேண்டிய அம்சமாகும். இணைப்புக்கு அறவிடக்கூடிய கட்டணங்களும் ஆணைக்குழுவின் அங்கீகாரத்துக்கு உட்பட்டவை. எந்தப் பொறியியலாளரும் தன் எண்ணப்படி ஒரு தொகையை எழுதிவிட முடியாது.

2024 ஜூனில் பாராளுமன்றம் புதிய மின்சாரச் சட்டத்தை நிறைவேற்றியது. 2025 ஓகஸ்டில் அது திருத்தப்பட்டது. உற்பத்தி, கடத்தல், முறைமை இயக்கம், விநியோகம் என்பவற்றைத் தனித்தனி அரச கம்பனிகளிடம் ஒப்படைப்பதே அதன் நோக்கம். எனினும், ஒழுங்குபடுத்தும் பொறுப்பு பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவிடமே விடப்பட்டுள்ளது.

ஆணைக்குழு செய்வது என்ன?

பிணக்குத் தீர்ப்பில் ஆணைக்குழுவின் பங்கை மூன்றாக வகுத்துக்கொள்ளலாம். முதலாவது, பிணக்கு எழுமுன்னரே விதிகளை வகுத்தல். இணைப்புக் கட்டணம் எவ்வாறு கணிக்கப்படவேண்டும், விண்ணப்பத்தை எவ்வளவு காலத்துக்குள் நிறைவேற்றவேண்டும், சேவையின் தரம் எவ்வாறு இருக்கவேண்டும் என்பவை இதில் அடங்கும். இரண்டாவது, இணக்கப்படுத்தல். பாவனையாளர் முதலில் மின்சாரம் வழங்கும் நிறுவனத்திடமே முறையிடவேண்டும். அங்கு தீர்வு கிடைக்காதபோது ஆணைக்குழு இரு தரப்பினரையும் அழைத்து, தொழில்நுட்ப உண்மைகளை ஆராய்ந்து, உடன்பாட்டுக்குக் கொண்டுவர முயல்கின்றது. மூன்றாவது, இணக்கம் கைகூடாதவிடத்துத் தீர்மானம் எடுத்து, அனுமதிப்பத்திர நிபந்தனைகளின் வழியாக அதனை நடைமுறைப்படுத்துவித்தல்.

இங்கு ஓர் எல்லையையும் தெளிவுபடுத்தவேண்டும். காணி யாருக்குச் சொந்தம் என்பதை ஆணைக்குழு தீர்க்காது. அது நீதிமன்றத்தின் வேலை. மின்கம்பி தமது காணிக்கு மேலாகச் செல்வதற்கு உரிமையாளர் இணங்காதபோது, அதனை விசாரிக்கும் பொறுப்பை 2009 ஆம் ஆண்டுச் சட்டம் பிரதேச செயலாளரிடம் ஒப்படைத்தது. கம்பிக்கு இடையூறான மரங்களை வெட்டுவது பற்றிய ஆட்சேபமும் அவரிடமே செல்லும். அயலவருக்கிடையிலான சிறு தகராறுகளுக்கு 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான மத்தியஸ்த சபைகளும் உள்ளன. பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையும் கோயில் பரிபாலன சபையும் இரு வீட்டாரை அழைத்துப் பேசி முடித்துவைக்கும் வழக்கம் எமது ஊர்களில் நெடுங்காலமாக உண்டு. அது வரவேற்கத்தக்கதே. ஆனால் அந்தச் சபைகள் அயலவரின் மனத்தை மாற்றலாம். மின்மாற்றியில் இடமில்லை என்ற பதிலை மாற்ற அவற்றால் இயலாது. அங்கேதான் ஆணைக்குழு தேவைப்படுகின்றது.

பிரதேச செயலாளரின் பங்கு பற்றிக் குறிப்பிடும்போது கல்முனையின் தனி நிலைமையைக் கூறாமல் விடமுடியாது. கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்துவது தொடர்பாகத் தமிழ், முஸ்லிம் சமூகங்களுக்கிடையே நீண்டகாலமாகக் கருத்து வேறுபாடு நிலவுகின்றது. 2019 ஜூனில் அது உண்ணாவிரதமாகவும் எதிர்ப்பாகவும் வெளிப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அதன் சரி பிழைகளை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. நாம் வலியுறுத்துவது ஒன்றே: பாண்டிருப்பும் மருதமுனையும், காரைதீவும் சாய்ந்தமருதும் அயல் ஊர்கள். அவற்றின் எல்லையிலே ஒரு மின்கம்பம் நாட்டுவது பற்றிய கேள்வி, எந்தச் செயலகம் யாருடையது என்ற கேள்வியாக மாறிவிடக்கூடாது. இரு சமூகங்களுக்கும் வெளியே நின்று, கம்பியின் நீளத்தையும் மின்மாற்றியின் கொள்ளளவையும் சட்டத்தின் வாசகத்தையும் மட்டும் பார்க்கும் ஒரு நடுவர் இருப்பது இவ்வாறான இடங்களில் பெரும் ஆறுதலாகும்.

சூரிய மின்சாரமும் புதிய பிணக்குகளும்

2016 செப்டெம்பரில் 'சூரிய பல சங்கிராமய' என்ற திட்டம் ஆரம்பிக்கப்பட்டபோது, கூரைமேல் உற்பத்தியாகும் மின்சாரத்தின் ஓர் அலகுக்கு முதல் 7 ஆண்டுகளுக்கு 22 ரூபாவும், எஞ்சிய 13 ஆண்டுகளுக்கு 15.50 ரூபாவும் வழங்கப்படும் என அறிவிக்கப்பட்டது. பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் புதிய இணைப்புகளுக்கான விலை உயர்த்தப்பட்டு, பிறகு படிப்படியாகக் குறைக்கப்பட்டது. வெயிலுக்குக் குறைவில்லாத எமது கரையோரத்திலும் வர்த்தகர்களும் வெளிநாட்டில் உழைத்து வந்தோரும் வங்கிக் கடன் பெற்றுத் தகடுகளைப் பொருத்தினர்.

இங்கு எழும் பிணக்கு வேறு விதமானது. மின்சாரம் வேண்டும் என்று கேட்பவருக்கு அல்ல, மின்சாரம் தருகிறேன் என்று வருபவருக்கு இணைப்பு மறுக்கப்படுகின்றது. அதற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. ஒரு மின்மாற்றியின் கீழுள்ள பல வீடுகள் நண்பகலில் ஒரே நேரத்தில் மின்சாரத்தை வெளியே அனுப்பினால், அக்கம்பியில் மின்னழுத்தம் அளவுக்கு மேல் உயரும். ஆகவே ஒவ்வொரு மின்மாற்றிக்கும் ஓர் உச்ச அளவு வைக்கவேண்டியுள்ளது. அந்த அளவு நிரம்பிவிட்டதா, எவருக்கு எப்போது ஒதுக்கப்பட்டது என்பது விண்ணப்பிப்பவருக்குத் தெரிவதில்லை. முந்தி வந்தவர் வெளியே நிற்க, பிந்தி வந்தவர் உள்ளே போய்விட்டாரோ என்ற சந்தேகம் அங்கிருந்தே பிறக்கின்றது.

நாடளாவிய மட்டத்திலும் இதே சிக்கல் தோன்றியது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்தமையே காரணம் என முதலில் கூறப்பட்டதை நாடே நகைப்புடன் பேசிக்கொண்டது. விடுமுறை நாளில் பாவனை குறைந்திருக்க, சூரிய மின்சாரத்தின் பங்கு உயர்ந்திருந்ததால் முறைமை அதிர்ச்சியைத் தாங்கும் வலுவை இழந்திருந்தது எனப் பின்னர் மின்சார சபை விளக்கமளித்தது. பெரும் சுழலிகள் சுழலும்போது அவற்றின் பாரமே ஒரு திடீர் அதிர்ச்சியைச் சற்று நேரம் தாங்கிக்கொள்ளும். சூரியத் தகட்டில் சுழல்வது எதுவும் இல்லை. இதன் தொடர்ச்சியாக, அவ்வாண்டு சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் ஏப்ரல் 13 முதல் 21 வரை பிற்பகல் 3 மணிவரை கூரைமேல் சூரியத் தொகுதிகளை நிறுத்திவைக்குமாறு மின்சார சபை உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது.

முறைமையைக் காப்பது அவசியம் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் வங்கிக்கு மாதத் தவணை கட்டவேண்டியவர், தொகுதியை நிறுத்திய நாட்களின் வருமானத்தை யாரிடம் கேட்பது? எந்தப் பகுதி முதலில் நிறுத்தவேண்டும், எவ்வளவு நாட்களுக்கு முன்னர் அறிவிக்கவேண்டும்? இவற்றை மின்சாரம் வாங்கும் நிறுவனமே தனித்துத் தீர்மானிப்பது நியாயமாகாது. ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு எதற்காக உள்ளது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

சுயாதீனமே அதன் பலம்

நடுவர் ஒருவரின் தீர்ப்பை மக்கள் ஏற்பது அவர் எவருக்கும் அஞ்சாதவர் என்ற நம்பிக்கையினாலேயே. இந்த இடத்தில் 2023 ஆம் ஆண்டின் நிகழ்வை நினைவுகூர்வது பொருத்தமானது. 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதத்தாலும் 2023 பெப்ரவரியில் 66 வீதத்தாலும் மின்கட்டணம் உயர்த்தப்பட்டது. இரண்டாவது உயர்வை அப்போதைய ஆணைக்குழுத் தலைவர் ஜனக்க ரத்நாயக்க பகிரங்கமாக எதிர்த்தார். 2023 மே 24 ஆம் திகதி பாராளுமன்றம் 123 க்கு 77 என்ற வாக்குகளால் அவரைப் பதவிநீக்கியது. அவர்மீது அரசாங்கம் சுமத்திய குற்றச்சாட்டுகள் சரியா, அவரது நிலைப்பாடு சரியா என்பதில் கருத்து வேறுபடலாம். பாராளுமன்றத்துக்கு அந்த அதிகாரம் சட்டப்படி உண்டு என்பதும் உண்மையே. ஆயினும், அமைச்சோடு முரண்பட்டால் ஆசனம் ஆடும் என்ற எண்ணம் உறுப்பினர் மனத்தில் விழுந்துவிட்டால், நாளை சாய்ந்தமருதில் ஓர் ஏழைப் பெண் கொடுக்கும் முறைப்பாட்டை விசாரிக்கும்போதும் அதன் நிழல் படியும். 2025 இல் மின்சார சபையின் கோரிக்கைக்கு மாறாக ஆணைக்குழு இருமுறை தீர்மானித்திருப்பது நம்பிக்கை தருகின்றது. அந்தத் துணிவு கட்டண விடயத்தோடு நின்றுவிடக்கூடாது.

பிற நாடுகளின் ஏற்பாடுகளையும் நோக்குவது பயனுள்ளது. பிரித்தானியாவில் இணைப்புப் பற்றிய பிணக்கை ஒழுங்குபடுத்தும் அமைப்பே தீர்மானிக்கும் என 1989 ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் கூறுகின்றது. இந்தியாவின் 2003 ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம், விண்ணப்பித்து ஒரு மாதத்துக்குள் மின்சாரம் வழங்கவேண்டும் என்றும், தவறினால் தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 1000 ரூபா வரை தண்டம் விதிக்கலாம் என்றும் கூறுகின்றது. 2024 இல் திருத்தப்பட்ட விதிகளின்படி பெருநகரங்களில் 3 நாட்கள், நகராட்சிப் பகுதிகளில் 7 நாட்கள், கிராமங்களில் 15 நாட்கள் என அக்காலம் மேலும் குறைக்கப்பட்டுள்ளது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு மின் பகிர்மான வட்டத்திலும் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கின்றது. அங்கு திருப்தி இல்லையேல் மின் குறைதீர்ப்பாளரிடம் மேன்முறையிடலாம். அங்கும் குறைகள் உண்டு. ஆனால் முறையிடுபவர் தன் மாவட்டத்துக்குள்ளேயே ஒரு கதவைத் தட்டமுடிகின்றது. எமது ஆணைக்குழுவின் அலுவலகமோ கொழும்பு 3 இல் உள்ளது. கல்முனையிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம்.

பாவனையாளர் செய்யவேண்டியது

வாய்ப்பேச்சில் விண்ணப்பித்து, வாய்ப்பேச்சில் மறுப்புப் பெற்று, வாய்ப்பேச்சிலேயே நொந்துகொள்வது எமது வழக்கமாகிவிட்டது. எழுத்தில் இல்லாத மறுப்பை எந்த ஆணைக்குழுவும் விசாரிக்க இயலாது. ஆகவே விண்ணப்பத்துக்கு இலக்கமும் திகதியும் இடப்பட்ட பற்றுச்சீட்டைப் பெறுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மதிப்பீட்டில் கம்பம் எத்தனை, கம்பி எத்தனை மீற்றர், கூலி எவ்வளவு என்ற விபரத்தைக் கோருங்கள். தர மறுத்தால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தமது தீர்மானத்தை அறிவிக்கவேண்டும். பிரதேச மின் பொறியியலாளருக்கும் அவருக்கு மேலுள்ள அதிகாரிக்கும் முறையிட்ட பிரதிகளை இணைத்து ஆணைக்குழுவுக்கு அனுப்புங்கள். அதனைத் தமிழில் எழுதுவதும் தமிழில் பதில் பெறுவதும் அரசியலமைப்பு உங்களுக்கு அளித்துள்ள உரிமை.

அதிகாரிகள் செய்யவேண்டியவையும் சில உள்ளன. கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் குறிப்பிட்ட நாட்களில் தமிழ் அறிந்த அதிகாரிகளுடன் ஆணைக்குழு நடமாடும் அமர்வுகளை நடத்தவேண்டும். ஒவ்வொரு மின்மாற்றியிலும் சூரிய மின்சாரத்துக்கு எஞ்சியுள்ள கொள்ளளவையும் விண்ணப்பங்களின் வரிசையையும் பகிரங்கப்படுத்தவேண்டும். முதலில் கம்பத்துக்குப் பணம் கட்டியவருக்கு, பின்னர் அதனைப் பயன்படுத்துவோரிடமிருந்து ஒரு பங்கு திரும்பக் கிடைப்பதற்குத் தெளிவான, எல்லோரும் அறிந்த விதி வேண்டும். சூரியத் தொகுதிகளை நிறுத்தக் கோரும்போது முன்னறிவித்தல், சுழற்சி முறை, இழப்பீடு ஆகியவை பற்றிய ஒழுங்குகளை ஆணைக்குழு வகுக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மின்சார சபையின் பணிகள் புதிய கம்பனிகளுக்குக் கைமாறும்போது, பழைய கோப்புகளில் கிடக்கும் விண்ணப்பங்களும் முறைப்பாடுகளும் 'அது முந்திய நிறுவனத்தின் காலத்தில் நடந்தது' என்ற பதிலோடு தள்ளிவைக்கப்படாமல் ஆணைக்குழு பார்த்துக்கொள்ளவேண்டும்.

கல்லோயாத் திட்டத்தின் இங்கினியாகலை அணைக்கட்டிலிருந்து வரும் நீர் எமது வயல்களுக்குப் பாய்கின்றது. அந்த நீர் வாய்க்கால்களில் வரும்போது, மேல்மடைக்காரனும் கீழ்மடைக்காரனும் சண்டையிடாமல் முறை பார்த்துத் திறந்துவிடுவதற்கு வட்டவிதானை ஒருவர் தேவை என்பதை எமது விவசாயிகள் நன்கறிவர். மின்சாரத்துக்கும் அத்தகைய ஒருவர் சட்டத்தில் இருக்கின்றார். அவரை எமது வாய்க்கால் கரைக்கு வரவழைப்பது, எழுத்தில் முறையிடத் துணியும் மக்களின் கையிலும், அவர்களுக்காகப் பாராளுமன்றத்தில் பேசவேண்டிய பிரதிநிதிகளின் கையிலும் இருக்கின்றது.